சேற்றில் இறங்கும் கனவான்கள்

இங்கிலாந்தில் மார்ச் மாத வெயில் லேசாக எட்டிப் பார்த்தால் போதும், கொல்லையில் மீன்குளம் வைத்திருக்கும் கனவான்களுக்குக் கை பரபரக்கத் தொடங்கிவிடும். குளம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தரையைத் தோண்டி, கறுப்பு ரப்பர் விரிப்பைப் போட்டு, ஓரத்தில் கல் பதித்து, பத்துப் பன்னிரண்டு தங்கமீன்களை விட்டிருப்பார்கள். குளிர்காலம் முழுக்க ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்த குளத்தை இப்போது கிட்டே போய்ப் பார்த்தால் தண்ணீர் பச்சைப்பசேல். அடியில் போன வருஷத்து இலைகள் அழுகிக் கிடக்கின்றன. குச்சியை விட்டுக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று கிளம்புகிறது. காற்றுப் புகாத சேற்றில் ஊறிய ஹைட்ரஜன் சல்பைடு அது. பக்கத்து வீட்டு ஜன்னல் பட்டென்று சாத்தப்படுகிறது.

விபரீதம் இங்கேதான் ஆரம்பம். கனவான் முழங்கால் பூட்ஸை மாட்டிக்கொண்டு, போகிக்கு வீட்டை ஒழிப்பவர் போல மொத்தத்தையும் ஒழிக்க இறங்குகிறார். தண்ணீரை முழுக்க இறைத்தாயிற்று. மீன்கள் பிளாஸ்டிக் தொட்டியில். கல்லெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்த்தாயிற்று. கடைசியில் வடிகட்டியைத் திறந்து, பழுப்பேறி வழவழத்துக் கிடக்கும் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்து, புத்தம் புதிதாகத் தெரியும்வரை பிழிகிறார். மாலையில் குழாய்த் தண்ணீரை நிரப்பியதும் அடித்தரை பளிச்சென்று தெரிகிறது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்.

நாலைந்து நாளில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன.

அந்தப் பழுப்பு வழவழப்பில்தான் குளத்தின் துப்புரவுத் துறையே குடியிருந்தது. மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கியபிறகே மீனுக்கு நிம்மதி. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று விசாரித்துக்கொண்டிருக்காது. ஒரே பிழியலில் துறை காலி. மறுபடி ஆள் சேர வாரக்கணக்காகும். குளிரில் இன்னும் தாமதம்.

விஷயம் தெரிந்தவர் இவ்வளவு பாடுபடுவதில்லை. குளத்துத் தண்ணீரையே ஒரு வாளியில் மொண்டு, ஸ்பாஞ்சை அதில் இரண்டு முறை அமுக்கி எடுத்துத் திரும்பச் செருகிவிடுவார். சேற்றில் பாதியை வலையால் அள்ளுவார். ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றி, குளோரினை முறிக்கும் மருந்தைக் கலப்பார். நூல்பாசியை மூங்கில் குச்சியில் சுற்றிச் சுற்றி இழுத்து, ஓர் இரவு கரையிலேயே போட்டு வைப்பார். அதில் மாட்டிய நத்தைகளும் தும்பிக் குஞ்சுகளும் ஊர்ந்து வீடு திரும்ப அவகாசம் வேண்டுமல்லவா? பார்க்கிறவர்களுக்கு இது சோம்பேறித்தனமாகத்தான் தெரியும்.

பாசிக்கு இன்னொரு வைத்தியம் பார்லி வைக்கோல். ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 50 கிராம் போட்டால், அது மக்கும்போது உண்டாகும் சரக்கு புதுப் பாசியைத் தலையெடுக்க விடாது. இருக்கிற பாசியைக் கொல்லாது என்பதால் வசந்தம் தொடங்கும்போதே போட்டாக வேண்டும். வைக்கோல் சிதறாமலிருக்கப் பலர் கையாளும் உறை, வீட்டம்மாவின் பழைய நைலான் காலுறை. வைக்கோல் அடைத்த கால் ஒன்று குளத்தில் மிதப்பதைப் பார்த்து விருந்தாளி திடுக்கிட்டால் அதற்குக் குளம் பொறுப்பல்ல.

இதற்கிடையே தவளைகள் முந்திக்கொள்ளும். பிப்ரவரி, மார்ச்சிலேயே வந்து முட்டைக் கொத்துகளை இட்டுவிடும். அதனால் பெரிய சுத்தத்தை இலையுதிர்காலத்தில் முடித்துவிடுங்கள் என்று இயற்கை ஆர்வலர்கள் மன்றாடுகிறார்கள். ஆனால் மழையில் நனைந்தபடி சேறு அள்ள யாருக்கு மனசு வரும்?

இப்போது மீன்களுக்கும் பசி எடுத்துவிட்டது. கரையில் நிழல் விழுந்ததும் கூட்டமாக வந்து கெஞ்சும். இரக்கப்பட்டு அள்ளிப் போட்டால் ஆபத்து. குளிர் ரத்தப் பிராணிக்குத் தண்ணீரின் சூடுதான் வயிற்றின் சூடு. 10 டிகிரிக்குக் கீழே கோதுமை முளை கலந்த லேசான உணவு போதும். இன்னும் குளிர்ந்தால் அதுவும் வேண்டாம். அளவறிந்து வளர்த்தால் தங்கமீன் நீண்ட ஆயுள்காரன். 1956இல் ஒரு கேளிக்கைச் சந்தையில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற மீன் யார்க்‌ஷயரில் 1999 வரை உயிரோடிருந்தது. 43 வயது!

நாரை வராதவரை என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். 2018இல் ஜப்பானில் கோய் என்ற அலங்காரக் கெண்டை மீன் ஒன்று 20.3 கோடி யென்னுக்கு ஏலம் போனது. சாம்பல் நாரைக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. விடியற்காலையில் கரையில் இறங்கும், நிதானமாகத் தண்ணீருக்குள் நடந்து வரும், கொத்திக்கொண்டு போகும். சட்டப் பாதுகாப்பு வேறு இருப்பதால் கல்லெடுக்கவும் முடியாது. சரியான வழி மேலே வலை கட்டுவதுதான். இலையும் உள்ளே விழாது, அடுத்த வருஷச் சேறும் குறையும். ஆனால் வலை கட்டினால் குளத்துக்கு அழகு போச்சு என்று கனவான்கள் பிளாஸ்டிக் நாரை ஒன்றை வாங்கி நிறுத்துகிறார்கள். ஒரு நாரை நிற்கும் இடத்துக்கு இன்னொன்று வராது என்பது விற்பவரின் வாதம். மரத்துக்கு மரம் கூட்டமாகக் கூடு கட்டும் பறவையிடம் அந்த வாதம் எவ்வளவு தூரம் எடுபடும்? பிளாஸ்டிக் நாரைக்கும் பாசி பிடிக்கிறது. மார்ச்சில் அதையும் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கிறது.