பேஸ் தேடித் தவழ்ந்தவர்

நம்மவர் வீட்டுக்குப் பாட்டுக் கேட்கப் போகிறவர்கள் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போவது உத்தமம். போனவுடன் பாட்டு வராது. வால்வு ஆம்ப்ளிஃபயர் சூடேற அரை மணி நேரம் பிடிக்கும். அதுவரை வால்வின் குலம் கோத்திரம் ஓதப்படும். பெயர் 300பி. 1930-களில் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனி செய்தது. அந்தக் காலத்து சினிமாக் கொட்டகைகளைப் பேச வைத்த பரம்பரை. ஒற்றை வால்வாகப் போட்டால் சுமார் 8 வாட் தரும். “எட்டு வாட்டா? எங்க வீட்டு பாத்ரூம் பல்பே ஒம்பது வாட் ஆச்சே!” என்று ஒரு நண்பர் வாயை விட்டார். அதற்கப்புறம் அவருக்கு அழைப்பே இல்லை.

பிறவியிலேயே இவர் இப்படி இல்லை. காலேஜ் நாளில் ரிச்சி தெருவில் பாகம் பாகமாகப் பொறுக்கி ஓர் ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்தார். டீக்கடைக்காரர்களைப் பார்த்து மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து மாட்டினார். ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் கொடுத்துப் பதிந்த 90 நிமிடக் கேசட்டைப் போட்டால் தெருவே அதிரும். அந்த நாளில் பாட்டைப் பல்லவியிலிருந்து கடைசிச் சரணம் வரை கேட்பார், கூடவே பாடவும் செய்வார் என்பதற்கு உயிருள்ள சாட்சிகள் இருக்கிறார்கள்.

சத்தம் ஸ்பீக்கரிலிருந்து மட்டும் வரவில்லை, சுவரிலிருந்தும் வருகிறது என்று யாரோ ஒரு பாவி சொல்லிவிட்டதில்தான் குடும்பம் கெட்டது. துரதிர்ஷ்டம், அது உண்மை. இவர் ஹால் 12 அடி நீளம். அந்த நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு சத்தம் எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு முழங்கும். நடு ஹாலில் உட்கார்ந்தால் காணாமல் போகும், சுவரோரம் நின்றால் வயிற்றைப் பிசையும். சாமியார்கள் காமக் குரோதத்தைச் சொல்வதுபோல, இவர் அந்த 47-ஐப் பற்றிப் பேசுவார்.

அதை அடக்க ஒரு வழி உண்டு. சப்வூஃபர் பெட்டியை நாம் உட்காரும் சோபாவில் ஏற்றிவிட்டு, நாம் தரையில் தவழ வேண்டும். எந்த இடத்தில் பேஸ் சீராகக் கேட்கிறதோ அதுதான் பெட்டிக்கான இடம். கேலியில்லை, விஷயம் தெரிந்தவர்கள் உலகெங்கும் இப்படித்தான் தவழ்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்மவர் வேட்டியை மடித்துக் கட்டி, கண்ணை மூடி, காதைத் தரையோரம் சாய்த்துக்கொண்டு செருப்பு ஸ்டாண்டுக்கும் பீரோவுக்கும் நடுவே ஊர்ந்துகொண்டிருந்தார். அன்று பார்த்து மனைவியின் சித்தப்பா கல்யாணப் பத்திரிகையோடு வந்துவிட்டார்.

“என்ன மாப்பிள்ளை, என்ன தொலைஞ்சு போச்சு?”

“பேஸ், மாமா.”

சித்தப்பா பெரிய மனிதர். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் தானும் குனிந்து சோபாவுக்கு அடியில் தேடினார்.

பக்கச் சுவருக்கு வேறு சடங்கு. நம்மவர் சோபாவில் அசையாமல் உட்காருவார். பையன் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு சேர்த்து நகர்த்திக்கொண்டே போக வேண்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கேதான் சத்தம் பட்டுத் திரும்புகிறது. அங்கே பஞ்சுப் பலகை அடிக்க வேண்டும். “அப்பா, கை வலிக்குதுப்பா.” “இன்னும் ஒரு இஞ்ச் முன்னாடிடா, கண்ணு.” அந்தச் சுவரில் முன்பு தாத்தா படம் இருந்தது. தாத்தா இப்போது லாஃப்டில் இருக்கிறார்.

மின்சாரம் பற்றி இவரிடம் பேச்செடுக்கக் கூடாது. அடுத்த வீட்டு மிக்ஸி ஓடினால் இவருக்கு வயலின் கரகரக்கும். ஜப்பானில் ஒரு ரசிகர் சுத்தமான கரண்ட் வேண்டும் என்று தன் வீட்டுக்குத் தனி மின்கம்பமே நட்டுக்கொண்டார் என்று 2016-ல் செய்தி வந்தது. அதைப் படித்ததிலிருந்து நம்மவருக்குத் தூக்கம் போயிற்று. லைன்மேனைப் பிடித்து, “தனியா ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்குமாப்பா?” என்றார். “மாவு மில் போடறீங்களா சார்?” என்றார் அவர்.

டிஜிட்டல் என்றால் இவருக்கு ஆகாது. ரெக்கார்டில்தான் உயிர் இருக்கிறது என்பார். மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்கக் கம்பெனியின் ரெக்கார்டுகளை வரவழைத்து, “பாத்தீங்களா, அனலாக்கோட வெதுவெதுப்பு!” என்று நெகிழ்வார். அந்த ரெக்கார்டுகளில் பலவற்றின் தயாரிப்புக்கு நடுவில் ஒரு டிஜிட்டல் கட்டம் இருந்தது 2022-ல் அம்பலமாயிற்று. நம்மவர் கொஞ்ச நாள் தாடி வளர்த்தார். பிறகு தெளிந்து, “டிஜிட்டலையும் அவன் அனலாக் மனசோட செஞ்சிருக்கான்” என்று தீர்ப்புச் சொன்னார்.

இப்போது சூப்பர் ட்வீட்டர் ஒன்றுக்குப் பணம் சேர்க்கிறார். அது 40,000 ஹெர்ட்ஸ் வரை பாடுமாம். மனிதக் காது இளமையிலேயே 20,000-க்கு மேல் எட்டாது. இவர் வயதில் 12,000 கேட்டாலே பாக்கியம். மிச்சத்தைக் கேட்க ஒரு வௌவால் வளர்க்கலாம்.

ஒருவழியாக ஆம்ப்ளிஃபயர் சூடாகிவிட்டது. பாட்டுப் போடுகிறார். ஈகிள்ஸ் 1994-ல் வெளியிட்ட மேடைப் பதிவிலிருந்து ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’. டிரம் விழுந்ததும், பாடகர் வாய் திறப்பதற்குள் நிறுத்திவிடுகிறார். அடுத்தது இளையராஜாவின் ‘நத்திங் பட் விண்ட்’. “சௌராசியா மூச்சு இழுக்கறது கேக்குதா?” கேட்டது. புல்லாங்குழலையும் கொஞ்சம் கேட்டால் தேவலை என்றிருந்தது. அதற்குள் முள்ளைத் தூக்கிவிட்டார். இடது ஸ்பீக்கர் அரை இஞ்ச் உள்ளே திரும்பியிருக்கிறதாம்.

அவர் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து பழைய பாட்டு ஒன்று முழுசாகக் கேட்டது. அவர் மனைவி செல்போனை எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்திவைத்து, கூடவே முணுமுணுத்தபடி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நம்மவர் டேப்பும் கையுமாக வாசற்படியில் நின்றார். தலையைச் சாய்த்தார். கண்ணை மூடினார். எனக்கே கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது.

“எவர்சில்வர் கொஞ்சம் கூசுது. அந்தப் பித்தளைச் சொம்புல வெச்சுப் பாரேன், மிட்ரேஞ்ச் நல்லா திறக்கும்.”