எமகண்டமும் எக்ஸ்எல் மெட்டாவும்

சாஃப்ட்வேருக்குத் தேதியையே பெயராக வைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு அவர்கள் மேல் ஒரு சம்பந்தி மரியாதை வந்துவிட்டது. நான் சிவகாசிக்காரன், பிரஸ்ஸில் டிசைன் வேலை. அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கன்றே பூஜை போட்டு வெளியிடுகிற ஊர் எங்களுடையது. மினியோ என்கிற ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் சாஃப்ட்வேரின் வெளியீடுகளுக்கு ஒன்று, இரண்டு என்று நம்பர் கிடையாது. வெளியான தேதி, மணி, நிமிடம், நொடி, இவைதான் பெயர். ஜாதகம் கணிக்கத் தோதானது.

அந்த மினியோ எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஓடுகிறது. எதற்கு என்று மனைவி கேட்டாள். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று அடுக்காமல், எல்லாவற்றையும் பக்கெட்டில் போட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எடுக்கும் வழக்கத்தை 2006-இல் அமேசானின் எஸ்3 பரப்பியது. அதே பாஷை பேசும் சாஃப்ட்வேரை நாமே வீட்டில் ஓட்டலாம். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆனந்த் பாபு பெரியசாமி நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவர் முன்பு உருவாக்கிய கிளஸ்டர் என்கிற கம்பெனியை 2011-இல் ரெட் ஹேட் 136 மில்லியன் டாலருக்கு வாங்கியது. இவ்வளவும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவரு வீட்டுப் பரண்ல என்னங்க இருக்கு?" என்றாள்.

எங்கள் பரணில் இருப்பவை: பழைய தீப்பெட்டி லேபிள்கள், சரவெடி மேல்தாள்களின் ஸ்கேன், கல்யாணப் படங்கள், காஸ் புத்தகம், ரேஷன் கார்டு. கடைசி இரண்டைத் தவிர வேறெதையும் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

மினியோவில் 'ஃபைல்சிஸ்டம் மோட்' என்று ஒன்று இருந்தது. ஒரே டிஸ்க்கில் படத்தைப் படமாகவே வைத்திருக்கும். 2020-இல் அதில் புது வேலை எதுவும் செய்வதில்லை என்று நிறுத்தினார்கள். 2022 பிப்ரவரியில், ஆறு மாதத்தில் எடுத்துவிடுவோம் என்று அறிவித்தார்கள். அக்டோபர் 29 வெளியீட்டில் அது இல்லை. பழைய டிஸ்க்கின் மேல் அந்த வெளியீட்டை ஏற்றினால் சர்வர் கிளம்பாது. இதைவிட நாகரிகமாக யாரும் நோட்டீஸ் கொடுக்க முடியாது. நான் அதைப் பிரிண்ட் எடுத்து, பூஜை அறைக் காலண்டருக்குப் பின்னால் சொருகினேன். தள்ளிப்போடும் காரியங்களுக்கு எங்கள் வீட்டில் அதுதான் இடம். தவிர, நான் வைத்திருந்தது அக்டோபர் 24 தேதியிட்ட வெளியீடு. அன்று தீபாவளி. சிவகாசிக்காரன் அதை லேசில் விடுவானா?

2023-இல்தான் வயிற்றைக் கலக்கியது. மினியோவில் ஒரு ஓட்டை இருப்பதாகவும், கேட்கிற விதத்தில் கேட்டால் பாஸ்வேர்டையே அது சொல்லிவிடும் என்றும் செய்தி வந்தது. பல மெஷின்களைச் சேர்த்து ஓட்டுகிறவர்களுக்குத்தான் அந்த ஆபத்து. இருந்தால் என்ன, பயப்பட எனக்கும் உரிமை உண்டு. புது வெளியீட்டுக்கு மாறிவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் ஜாதகம் பார்த்தேன். பழைய மோடைக் கைவிட்ட அந்த அக்டோபர் 29 வெளியீட்டின் பெயரில் உள்ள நேரம் 06-21-33. அது கிரீன்விச் மணி; நம் மணிக்கு முற்பகல் 11.51. சனிக்கிழமை. ராகுகாலம் 10.30-க்கே முடிந்துவிட்டது, எமகண்டம் 1.30-க்குத்தான் ஆரம்பம். விஷயம் தெரிந்தவர்கள்தான் என்று திருப்திப்பட்டுக்கொண்டு புது டிஸ்க் வாங்கினேன்.

அப்கிரேட் என்று பெயரே தவிர, இது வீடு மாற்றுவது. பழைய மினியோ ஒரு போர்ட்டில் ஓட, புதியதை இன்னொரு போர்ட்டில் கிளப்பி, 'எம்சி மிரர்' என்ற கட்டளையால் சாமான்களை ஒவ்வொன்றாக அங்கே சேர்க்க வேண்டும். பரணில் ஏற ஸ்டூலைப் போட்ட நேரம் பார்த்து, பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற மாமனார் விருதுநகரிலிருந்து வந்து சேர்ந்தார்.

"மாப்ள, எர்த் தொட்டீங்களா?"

மருந்து அறைக்குள் போகும் முன் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுப் போவது அவர்கள் தொழில். கம்ப்யூட்டரைத் திறக்கும் முன்னும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. புத்தகம் சொன்னபோது எனக்குக் கோபம் வந்ததில்லை.

அவர் கழுத்தை நீட்டிப் பரணைப் பார்த்தார். "ஒரு ஷெட்டுல தீப்பிடிச்சா அடுத்த ஷெட்டுக்குப் போகக்கூடாதுன்னுதான் நடுவுல இடம் விட்டுக் கட்டச் சொல்றாங்க. நீங்க பழசையும் புதுசையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல சொருகியிருக்கீங்களே மாப்ள?" கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த அவர் மகளின் முகத்தில் அப்படியொரு பெருமிதம். எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட அதை நான் பார்த்ததில்லை.

மிரர் குறையில்லாமல் ஓடி முடிந்தது. வினை அதற்குப் பிறகு. ரேஷன் கார்டு அவசரமாக வேண்டுமென்று மனைவி நேராகப் புது டிஸ்க்கையே திறந்துவிட்டாள். 'ரேஷன்.ஜேபிஜி' இருந்தது, ஆனால் ஃபோல்டராக. உள்ளே 'எக்ஸ்எல்.மெட்டா' என்று ஒரே ஒரு கோப்பு. புது முறையில் ஒவ்வொரு படமும் ஒரு ஃபோல்டர். படம் சிறியதென்றால் விவரக் கோப்புக்குள்ளேயே அதையும் மடித்து வைத்துவிடும்.

"கார்டு எங்கங்க?"

"அதுக்குள்ளதான் இருக்கு."

"எடுங்க."

"அப்படி எடுக்கக்கூடாது. சர்வர்கிட்ட முறையாக் கேட்கணும்."

"நம்ம ரேஷன் கார்டை நாமளே மனுப் போட்டு வாங்கணுமா? தாலுகா ஆபீஸை வீட்டுக்கே கொண்டுவந்துட்டீங்க."

பழைய டிஸ்க்கை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அதை மாமனார் கைப்பையில் போட்டுக்கொண்டு போய், விருதுநகர் வீட்டு பீரோவில் நிலப் பத்திரங்களோடு வைத்துப் பூட்டிவிட்டார். பெரிய கம்பெனிகள் செலவு செய்து ஏற்பாடு செய்கிற வெளியூர் பேக்கப், எங்களுக்கு ஒரு பஸ் டிக்கெட்டில் முடிந்தது.

டிஸ்க்கை பீரோவிலேயே போட்டு வைக்கக்கூடாது, அவ்வப்போது கரண்ட் கொடுத்துப் படிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விருதுநகர் போய்விடுகிறேன். சோதனைக்கு நேரமே ஆவதில்லை. எண்ணெய்ப் பரோட்டா கடையில் இடம் கிடைக்கத்தான் நேரமாகிறது. திரும்பி வந்தால் மனைவி டிஸ்க்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு காப்பி எடுத்துட்டு வரலியா?" என்கிறாள்.