மாவட்டம் மாறிய நார்த்தங்காய்

உடையார்பாளையத்துக்காரனிடம் எந்த மாவட்டம் என்று கேட்டால், எந்த வருஷத்தில் என்று அவன் திருப்பிக் கேட்பதில் நியாயம் உண்டு. திருச்சி மாவட்டத்தில் பிறந்து, 1995இல் பெரம்பலூர், 2001இல் அரியலூர், அடுத்த வருஷமே மறுபடி பெரம்பலூர், 2007 நவம்பரில் மறுபடி அரியலூர் என்று, வீட்டை விட்டு இறங்காமலே நாங்கள் ஊர் ஊராய்ப் போய்க்கொண்டிருந்தோம். அத்தனை அரசாணைக்கும் அசையாமல் அடுக்களை மூலையில் வேடு கட்டி உட்கார்ந்திருந்தது அப்பாயி போட்ட நார்த்தங்காய் ஜாடி. கறுத்து, உப்புப் பூத்துப்போன அந்தக் காயில், காய்ச்சலில் வாய் கசந்தவனுக்குக் கஞ்சியோடு ஒரு கிள்ளு கிடைக்கும். இரண்டாவது கிள்ளு கேட்டால் காய்ச்சல் விட்டுவிட்டது என்று அர்த்தம்.

காயைச் சுருளாக, அறுந்துவிடாமல் நறுக்கி, உள்ளே கல்லுப்பை அடைத்து, ராத்திரி ஜாடியில் தன் தண்ணீரிலேயே ஊறவிட்டு, பகலில் மாடியில் காயவைத்து, சாயங்காலம் மறுபடி அதே தண்ணீருக்குள் தள்ளி, தண்ணீர் முழுக்கக் காயே குடித்துத் தீர்க்கும்வரை இந்தப் பாடு நடக்கும். குச்சியோடு காக்கைக்குக் காவல் நான். காக்கைகள் தின்றது குறைவுதான்.

பிறகு ஃபிரிட்ஜ் வந்தது. அடுக்களைக்கு இல்லை, கூடத்துக்கு. வருகிறவர்கள் கண்ணில் படவேண்டுமே! பூப்போட்ட உறை, பக்கத்தில் ஸ்டெபிலைசர். இனிமேல் வெயிலும் வேண்டாம், இவ்வளவு உப்பும் வேண்டாம் என்று, கல்லூரியில் படித்த மிதப்பில் அப்பாயிக்குப் பிரசங்கம் செய்தேன். "கரண்டு போனா உன் பொட்டி என்னடா பண்ணும்?" என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தாள். 2012இல் மணிக்கணக்காக மின்சாரம் போனபோது, பெட்டிக்குள் எல்லாம் புளித்துப் பொங்க, ஜாடிக்கு மட்டும் மின்வெட்டு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை.

இப்போது என் மகள் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சீரியல் இடைவேளையில் ஊறுகாய் போட்டுவிடுகிறாள். மாங்காயும் கேரட்டும் பச்சைமிளகாயும் நீளநீளமாய் நறுக்கி, வினிகர், ஒரு கரண்டி உப்பு, துளி சர்க்கரை. கண்ணாடி பாட்டிலில் அடைத்து உள்ளே வைத்தால் காலையில் தயார். அன்று காவல் காத்தது உப்பு, அதனால் கரித்தது. இன்று குளிர் காக்கிறது, உப்பு குறைந்தாலும் போதும். ஆனால் குளிர் கிருமியைக் கொல்வதில்லை, சோம்பேறியாக்கி வைக்கிறது, அவ்வளவுதான். அதனால் இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பது அவள் கட்டளை. ரத்தக்கொதிப்பு மாத்திரை போடுகிறவனுக்கு இது பெரிய உபகாரம். கடிக்கும்போது நறுக்கென்றும் இருக்கிறது, பொய் சொல்லக்கூடாது.

எனக்கு ஏக்கமெல்லாம் மாங்காய் ஜாடி காலியாகும் நாளைப் பற்றித்தான். அடியில் ஒட்டிய காரமும் கடுகுப்பொடியும் நல்லெண்ணெயும் வீணாகாமல், சுடுசோற்றை ஜாடிக்குள்ளேயே கொட்டி, அப்பாயி முழங்கை வரை விட்டுப் பிசைந்து, சுற்றி உட்கார்ந்த எங்கள் உள்ளங்கைகளில் சிவப்பு உருண்டைகளாக வைப்பாள். மூக்கில் நீர் வழிய வழிய அடுத்த உருண்டைக்குக் கை நீளும். இந்தக் கண்ணாடி பாட்டிலுக்குள் என் கை நுழைவதில்லை. நுழைந்தாலும் வினிகரில் சோறு பிசைய யாரைக் கூப்பிடுவது?

ஃபிரிட்ஜ் ஊறுகாயை நிறுத்தச் சொல்லவில்லை. வாரம் ஒன்று போடுங்கள். பரணில் ஜாடி கிடந்தால் மட்டும் இறக்கிக் கழுவி, நன்றாகக் காயவைத்து, ஒரு படி நார்த்தங்காய்க்காவது வேலை கொடுங்கள். சித்திரை வெயிலுக்கு இன்னும் மீட்டர் மாட்டவில்லை.