உறைபனியில் வீடு பார்த்தல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

சக்கரம் வைத்த வீட்டை வாங்குகிறவர், சாவியைக் கையில் வாங்கும் முன் டீலரின் வளாகத்திலேயே அதை உள்ளும் புறமும் தட்டிப் பார்க்கும் சடங்குக்கு அமெரிக்காவில் பி.டி.ஐ. என்று பெயர். ஒப்படைப்புக்கு முந்தைய பரிசோதனை என்பது அதன் பொருள். சோதிக்கப்படும் பண்டம் ஆர்.வி. தமிழ் வாசகர் இதைக் கேரவன் என்ற பெயரில், படப்பிடிப்புக்கு நடுவே கதாநாயகன் ஏறி மறையும் வண்டியாக அறிவார். அமெரிக்காவில் இதில் ஏறி மறைகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற தம்பதியர். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே உண்டு. இந்தப் பரிசோதனை கோடையில் நடந்தால் அதில் ஆராய ஒன்றுமில்லை. வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கியதும் அது இயல்பு திரிந்து வேறொன்றாகிவிடுகிறது. அந்தத் திரிபே இங்கு ஆய்வுப் பொருள்.

முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் முதலில். நிலம், இண்டியானா மாநிலத்தின் வடகோடியில் உள்ள எல்கார்ட் வட்டாரம். பித்தளை ஊதுகருவிகளுக்குப் பேர்போன இந்த ஊரில் 1930களில் டிரெய்லர் கட்டும் தொழில் வேரூன்றியது. அமெரிக்க ஆர்.வி.களில் பெரும்பகுதி இன்று இந்த வட்டாரத்தில்தான் பிறக்கிறது. இத்தொழிலுக்கென ஓர் அருங்காட்சியகமும் இங்கே உண்டு. மிச்சிகன் ஏரி கூப்பிடு தூரத்தில் இருப்பதால், அதன் ஈரத்தை அள்ளி வரும் காற்று குளிர்காலம் முழுவதும் பனியைக் கொட்டுகிறது. பொழுது, ஜனவரி, பிப்ரவரி. சென்ற ஆண்டு மாடல்களைத் தள்ளிவிட டீலர்கள் விலை இறக்கும் காலம் அதுவே. புத்திசாலிகள் என்று தம்மைக் கருதுவோர் அப்போதுதான் வருகிறார்கள். பாலைத்திணைக்கு நடுவேனிலோடு பின்பனியையும் பொழுதாகத் தொல்காப்பியர் சேர்த்த நுட்பம் இந்த வளாகத்தில் நின்றால் விளங்கும். பாலையின் உரிப்பொருள் பிரிதல். இங்கே பிரிவது வாங்குகிறவரும் அவர் சேமிப்பும்.

பரிசோதனையின் தலையாய பகுதி தண்ணீர். ஆர்.வி.யில் நல்ல தண்ணீருக்கு ஒன்று, கழுவிய நீருக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று என மூன்று டேங்குகள். இவற்றுக்கிடையே சுவருக்குப் பின்னும் தரைக்கு அடியிலும் பைப்புகள் ஓடுகின்றன. ஒழுகுகிறதா என்று அறிய ஒரே வழி தண்ணீரை நிரப்பி, பம்பை ஓடவிட்டு, டார்ச்சோடு மண்டியிட்டுப் பார்ப்பது. உறைபனியில் இது ஆகாத காரியம். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கிறது. பைப் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். பிளாஸ்டிக் இணைப்பும் குழாயின் உட்பாகமும் பம்பின் தலையும் அப்படி வளையாமல் வெடித்துவிடும். ஆகவே டீலர் முன்கூட்டியே தண்ணீரை வடித்து, வாட்டர் ஹீட்டருக்குப் போகும் வழியை வால்வால் அடைத்து, மற்ற பைப்புகளில் உறையா திரவத்தை ஏற்றிவிடுகிறார். இது புரொப்பிலீன் கிளைக்கால் கலந்தது, நிறத்தில் அசல் ரோஸ்மில்க். கார் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு என்பதால் குடிநீர்ப் பைப்புக்கு அது ஆகாது.

இங்கேதான் இயலின் மையச் சிக்கல் எழுகிறது. தண்ணீர்ப் பைப்பைச் சோதிக்க வந்தவர் முன் தண்ணீர் இல்லை. விசாரணைக்கு நாள் குறித்துவிட்டு, சாட்சியை வெளியூருக்கு அனுப்பிய கதை. மாற்றாகக் காற்றழுத்தச் சோதனை உண்டு. பைப்பில் காற்றை ஏற்றி, மானியின் முள் இறங்குகிறதா என்று காத்திருப்பார்கள். முள் நின்றால் பைப்பில் ஓட்டையில்லை என்று கொள்ளலாம். ஆனால் ஷவர் தொட்டியின் ஓரம் ஒழுகுமா, கழிப்பறையின் அடிவளையம் தாங்குமா என்பதைக் காற்று சொல்லாது. அந்த உண்மைகள் தண்ணீருக்கு மட்டுமே தெரியும். சிங்குக்கு அடியில் ஒரு சொட்டு ரோஸ் நிறம் தென்பட்டால் அது பெரும்பேறு. பச்சைத்தண்ணீர்ச் சொட்டு கண்ணுக்கு எளிதில் தப்பும், இது தப்பாது. சோதனைக்குப் பனிக்காலத்தால் விளையும் ஒரே நன்மை இது எனலாம்.

அடுத்து ஃபிரிட்ஜ். எரிவாயுச் சுடரின் சூட்டைக்கொண்டு அமோனியாவைச் சுழலவிட்டுக் குளிரூட்டும் பழைய வகை, போதிய அளவுக்குக் குளிரப் பல மணி நேரம் எடுக்கும். சேல்ஸ்மேன் கதவைத் திறந்து, ‘கையை வெச்சுப் பாருங்க சார், ஜில்லுன்னு இருக்கு’ என்ற பொருள்பட ஆங்கிலத்தில் சொல்வார். அது மெய்தான். பக்கத்திலிருக்கும் மைக்ரோவேவும் ஜில்லென்றிருக்கிறது, மெத்தையும் அப்படியே. மைனஸ் 10 டிகிரியில் நிற்கும் ஃபிரிட்ஜ் குளிர்கிறதா, குளிரில் இருக்கிறதா என்பது தருக்க நூலார் தீர்க்க வேண்டிய வழக்கு. ஏ.சி.யின் நிலை இன்னும் மோசம். வெளியே 15 டிகிரிக்குக் கீழே போனால் அதன் கம்ப்ரசரை ஓட்டக்கூடாது என்பது பொது அறிவுரை. ஆகவே அதை நிமிர்ந்து பார்த்து, இருப்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ள வேண்டியதுதான். இந்தக் கூட்டத்தில் நேர்மையான சாட்சி, வண்டியைச் சூடேற்றும் ஃபர்னஸ் ஒன்றே. அது எரிந்தால் உடம்புக்குத் தெரியும்.

எரிவாயுவைப் பொறுத்தவரை கவலை குறைவு. புரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி என்பதால் இண்டியானா குளிரில் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும். பியூட்டேனாக இருந்தால் பூஜ்ஜியத்திலேயே படுத்துவிடும். இணைப்பில் கசிவு பார்க்கச் சோப்பு நுரை தடவுவது வழக்கம்; இங்கே குமிழி வருமுன் நுரை உறைந்துவிடுவதும் உண்டு. பேட்டரியில் கவனம் தேவை. சார்ஜ் நிரம்பிய ஈய பேட்டரி கடுங்குளிரையும் தாங்கும், வற்றியது பூஜ்ஜியத்துக்குச் சில டிகிரி கீழேயே உறைந்து வயிறு வீங்கும். லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யலாகாது. டயரில் 5.5 டிகிரி செல்சியஸ் குறைவுக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ வீதம் காற்று இறங்கியிருக்கும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண், டயர் எந்த வாரம், எந்த ஆண்டு பிறந்தது என்று சொல்லும். அதைப் படிக்க, சாலையில் தூவிய உப்பு அப்பியிருப்பதைச் சுரண்ட வேண்டும். அதே உப்புப் பூச்சு வண்டியின் கீறல்களையும் மறைத்து, புத்தம் புதிய வண்டிக்குத் திருநீறு பூசிய தோற்றத்தைத் தருகிறது.

கூரை தனி இயலுக்கு உரியது. ஆர்.வி.யைக் கொல்வது பெரும்பாலும் மேலிருந்து இறங்கும் நீர்தான். காற்றுப்போக்கியும் ஆன்டெனாவும் கூரையைத் துளைக்கும் இடங்களில் பூசிய பசையில் விரிசல் இருந்தால், நீர் சுவருக்குள் இறங்கி மரத்தை ஊறவைக்கும். அந்தப் பசையைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். அதன்மேல் ஒரு சாண் பனி. ரப்பர் கூரையில் பனி கிடக்கும்போது ஏறுவது உடலைப் பணயம் வைப்பது. துடைப்பத்தால் தள்ளிவிட்டு ஏணி உச்சியிலிருந்து எட்டிப் பார்ப்பதே விவேகம். அதைவிட நுட்பமான சிக்கல், பனிக்கட்டி ஒழுகாது என்பது. ஓட்டைக் கூரையும் பிப்ரவரியில் உத்தமக் கூரை.

இத்தனைக்கும் மேலாகக் கருதவேண்டிய கருவி, சோதிப்பவரின் உடல். கையுறை போட்டால் சின்ன ஸ்விட்ச் அகப்படாது, கழற்றினால் விரல் அகப்படாது. பால்பாயின்ட் பேனா மை இறுகிக் கோடு விழாது. கைபேசி பேட்டரி திடீரென்று உயிரை விடும், அதில்தான் சரிபார்ப்புப் பட்டியல் இருக்கும். முதல் அறையில் ஒவ்வொரு இழுப்பறையையும் மும்முறை இழுத்துப் பார்த்தவர், வெளிப்புறச் சேமிப்பறைக்கு வரும்போது கதவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நகர்கிறார். பரிசோதனையின் ஆழம் காலுறையின் தடிமனுக்கு நேர்விகிதத்திலும், அலுவலகத்தில் ஆவி பறக்கும் காபியின் அருகாமைக்கு எதிர்விகிதத்திலும் அமையும் என்று இதைச் சூத்திரமாக்கலாம். சேல்ஸ்மேன் இதைச் சூத்திரமில்லாமலே அறிந்தவர். அவர் வாசலோரம் நின்று, ‘அவசரமே இல்லை’ என்கிறார்.

அனுபவசாலிகள் இதற்கு இரண்டு உபாயம் வைத்திருக்கிறார்கள். ஒன்று, வண்டியைச் சூடேற்றிய பணிமனைக்குள் கொண்டுவரச் சொல்லி, அங்கே தண்ணீர் விட்டுப் பார்த்து, மறுபடி ரோஸ் திரவம் ஏற்றித் தரும்படி கேட்பது. டீலர் முகம் சுளிப்பார். முழுப் பணம் கைமாறும் முன் கேட்டால் சுளிப்பு குறைவு. மற்றொன்று, சோதிக்க முடியாதவற்றை ஒவ்வொன்றாகப் பாக்கிச் சீட்டில் எழுதி, வசந்தத்தில் பார்த்துச் சரிசெய்து தருவதாக டீலரின் கையெழுத்தை வாங்கிக்கொள்வது. சீட்டில் இடம்பெறாத வாய்மொழி ஏப்ரல் வரை தாங்குவதில்லை.

இரண்டும் செய்யாதவர்கள் கையெழுத்திட்டுச் சாவியை வாங்கி, வண்டியைக் கொக்கியில் மாட்டி, வெயிலைத் தேடி ஃபுளோரிடா பக்கம் இழுத்துப் போகிறார்கள். கென்டக்கியைத் தாண்டி டென்னசிக்குள் போகும்போது கூரைப் பனி இளகத் தொடங்கும். விரிசல் ஏதும் இருந்தால் அன்றிரவே தெரிந்துவிடும், தலையணை வைக்கும் பக்கத்தில்.