எஃப் 1.2-ஆ, எஃப் 1.8-ஆ?

கேள்வி: கல்யாணப் படம் எடுக்கிறேன். எஃப் 1.8 லென்ஸை விற்றுவிட்டு எஃப் 1.2 வாங்கினால் கான்ட்ராஸ்டும் நிறமும் தூக்கலாக வருமா?
– ஒரு போட்டோகிராபர், வெதுருகுப்பம்

பதில்: வெளிச்சம் இரண்டேகால் மடங்கு வரும். மற்றது விலையைப் பார்த்து வராது! வாயை முழுக்கத் திறந்தால் எஃப் 1.2 போன்ற வேக லென்ஸ் கொஞ்சம் உளறும்; ஓரக் கதிர்கள் ஒரே புள்ளியில் சேராமல் கான்ட்ராஸ்ட் மங்கும். எஃப் 4-க்கு வந்துவிட்டால் இரண்டையும் பிரித்துச் சொல்லப் பூதக்கண்ணாடி வேண்டும்.

நிறச் சாயல் கண்ணாடியும் பூச்சும் சேர்ந்து தருவது. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பியடிக்கும். உள்ளே அலையும் அந்த ஒளிதான் கறுப்பைச் சாம்பலாக்குகிறது. 1935-ல் ஜெய்ஸ் லென்ஸ் நிறுவனத்தின் விஞ்ஞானி ஸ்மகுலா அதைக் குறைக்கும் பூச்சுக்கு வழிகண்டார். வேக லென்ஸ் கைகொடுக்கும் இடமும் உண்டு: 'பாரி லிண்டன்' (1975) படத்தில் இயக்குநர் குப்ரிக் எஃப் 0.7 ஜெய்ஸ் லென்ஸை வைத்து மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே காட்சிகளை எடுத்தார். அவருக்கு மெழுகுவத்தி, உங்களுக்கு மண்டபத்து ஊதா எல்.இ.டி. அதை எந்த லென்ஸும் திருத்தாது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரே முக்காலி, ஒரே விளக்கு போதும்; ஒயிட் பேலன்ஸை மட்டும் ஆட்டோவில் விடாதீர்கள். வித்தியாசம் தெரியவில்லையா? நல்ல ஃபிளாஷ் ஒன்று வாங்குங்கள். மணப்பெண் மணப்பெண் நிறத்திலேயே இருப்பார், மாமியாரும் பாக்கிப் பணத்தைத் தருவார்.