சட்ட முனைவர் பட்டத்தின் பெருங்கருணை

சட்டத்தில் முனைவர் பட்டமே, பெரம்பலூர், அரியலூர் வக்கீல்கள் மேல் நீ வைத்திருக்கும் கருணை பெரிது. அவர்கள் பிழைப்பைக் கெடுக்க உனக்கு மனம் வருவதில்லை. காலையில் கோர்ட் வாசலில் கட்சிக்காரர் காத்திருப்பார் என்று உனக்குத் தெரியும். அதனால் உன் வாசலைத் தள்ளியே வைத்தாய். சென்னையில் 1997 முதல் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம்; திருச்சி நவலூர் குட்டப்பட்டில் 2013 முதல் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம். பிறகு விழுப்புரம், தருமபுரி, நாமக்கல், தேனி, காரைக்குடி என்று அரசு சட்டக் கல்லூரிகள் வந்தன. 1995-ல் பிறந்த பெரம்பலூர் மாவட்டத்தையும், 2001-ல் பிரிந்து, மறு ஆண்டே சேர்ந்து, 2007-ல் திரும்பவும் பிரிந்த அரியலூரையும் அவற்றில் ஒன்றும் தொந்தரவு செய்யவில்லை.

உன் விதிகளின் அக்கறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2022-ல் யுஜிசி வகுத்த நெறிமுறைப்படி பகுதிநேரமாகவும் உன்னைத் தேடலாம். வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். ஆராய்ச்சிக்கு நேரம் கிடைக்கும், தேவைப்பட்டால் பாடவகுப்புக்கு விடுவிப்போம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். சம்பளக்காரரை விடுவிக்க மேலதிகாரி இருக்கிறார். அரியலூர்ப் பக்கம் ஜெயங்கொண்டத்தில் சிறிய அறையில் தனியாக வழக்கு நடத்தும் வக்கீலுக்கு அப்படி ஒருவரும் இல்லை. அவரை யாரிடமும் கையேந்த வைக்காத மாண்பு உன்னுடையது. பெண்களுக்கு 240 நாள் மகப்பேறு விடுப்பும் தருகிறாய், உள்ளே வந்துவிட்டவர்களுக்கு.

இந்த மண்ணின் வழக்குகளுக்கு நீ தரும் ஓய்வுதான் எல்லாவற்றிலும் பெரிது. பழுப்பு நிலக்கரி மின்திட்டத்துக்கென்று 1990-களில் ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் நிலம் எடுத்தார்கள். மின் நிலையம் வரவில்லை. இழப்பீட்டு வழக்குகள் மட்டும் தலைமுறை தாண்டின. அந்த வழக்குக்காரப் பாட்டி ஒருத்தி வக்கீல் மேசையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தால் என்ன விழும்? பட்டா நகல், சர்வே எண் எழுதிய துண்டுச்சீட்டு, ஏக்கருக்கு இவ்வளவென்று நிர்ணயித்த அவார்டு நகல், வாய்தா தேதிகள் குறித்த காலண்டர் தாள், வழக்கு முடியுமுன் செத்துப்போன கணவருக்குப் பதிலாக வாரிசுகளைச் சேர்க்கச் சொல்லும் மனு. ஒரு நிலமெடுப்புச் சட்டம் கிராமத்துக்குள் வந்து என்ன செய்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அதைத் தினமும் புரட்டும் கை உன்னிடம் வந்து சேராதபடி பார்த்துக்கொண்டாய். பாட்டியின் குடும்ப ரகசியம் பத்திரமாக இருக்கிறது.

பெரம்பலூர்ப் பக்கம் திருமாந்துறையிலும் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்ற பெயரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கைமாறி, ஆண்டுக்கணக்கில் வெறுமனே கிடந்தது. அந்த அமைதியையும் நீ கலைக்கவில்லை.

தலைப்புக்கு உனக்குப் பஞ்சமில்லை. மத்திய அரசின் 2013 நிலமெடுப்புச் சட்டத்திலிருந்து தன் மூன்று சட்டங்களைத் தமிழ்நாடு விலக்கி வைத்தது. 2019-ல் உயர் நீதிமன்றம் அது செல்லாதென்றது. அதே ஆண்டு புதுச் சட்டம் வந்தது. 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அந்தத் தீர்ப்புகளை வரிக்கு வரி அலசும் ஆற்றல் உனக்கு உண்டு. களத்தில் கால் வைத்தால்தான் ஆராய்ச்சி என்று பிடிவாதம் பிடிக்காத பெருந்தன்மையும் உண்டு.

மொழியிலும் உன் பரிவு குறையாது. சாட்சிக் கூண்டில் பாட்டி சொல்வது தமிழில். நீ பேசுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில். தன் நிலத்தைப் பற்றி யார் என்ன எழுதினார்கள் என்று படித்து மனம் நோகும் சங்கடம் அவளுக்கு இல்லை. நெறியாளர் கையெழுத்திடுகிறார், வாய்மொழித் தேர்வு முடிகிறது, ஆய்வேடு ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் உலகத்துக்கே திறந்திருக்கிறது. உடையார்பாளையத்திலும் குன்னத்திலும் உன்மேல் புகார் சொல்ல ஓர் ஆள் கிடையாது.