மில்லிமீட்டர் சர்க்கார்

கருங்குழியில் ஜி.எஸ்.டி. என்றால் முதலில் ரோடு, அப்புறம்தான் வரி. கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு என்று வெள்ளைக்காரன் வைத்த பெயர் எங்கள் வாயில் ஜி.எஸ்.டி. ரோடாகச் சுருங்கிப் பல தலைமுறை ஆயிற்று. 2017 ஜூலை 1 நள்ளிரவில் டெல்லியில் விழா எடுத்து இன்னொரு ஜி.எஸ்.டி.யை இறக்கியபோது, ரோட்டைத்தான் ஏதோ செய்யப்போகிறார்கள் என்று எங்கள் பக்கத்துப் பாட்டிகள் நினைத்திருந்தாலும் தப்பில்லை. வடக்கே போனால் பரனூர் சுங்கச்சாவடி, தெற்கே போனால் ஆத்தூர் சுங்கச்சாவடி. நடுவில் நாங்கள். காசு வைக்காமல் கார் எந்தப் பக்கமும் அதிக தூரம் போகாது.

வசூல் இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்கு ஒரு காலத்தில் தலைமையிடமே கருங்குழிதான். கலெக்டர் என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் வசூலிக்கிறவர். ஆட்சியர் என்று மொழிபெயர்த்தது தமிழனின் பெருந்தன்மை. கச்சேரி காஞ்சிபுரம் போனது, பிறகு 1859இல் சைதாப்பேட்டைக்குப் போனது. கலெக்டர் மூட்டை கட்டினார். வசூல் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

இத்தனையும் ஒரு சிகரெட் பாக்கெட்டால் நினைவுக்கு வந்தது. ரோட்டோரப் பெட்டிக்கடை. வாழைத்தார், மிட்டாய் ஜாடி, ஷாம்பு சரம், கம்பத்தில் நுனி கனன்றபடி தொங்கும் தேங்காய்நார்க் கயிறு. பைக்கில் வந்த ஒரு பையன் செல்போனைக் காட்டிக் கடைக்காரரை வெறுப்பேற்றிக்கொண்டிருந்தான்.

“ஆன்லைன்ல வெளி ஸ்டேட்லேருந்து வருதுண்ணே. பத்து பாக்கெட் மொத்தமா. உன் விலையை விடக் கம்மி.”

“அவன் எந்த சர்க்காருக்கு வரி கட்டுறான், கேட்டியா?”

“பாக்கெட் வந்தா போதாதா? அது இன்னாத்துக்கு எனக்கு?”

அவனுக்கு எதற்குத்தான் அது? ஆனால் அமெரிக்காக்காரனுக்கு இதுவே எழுபத்தைந்து வருஷத்துத் தலைவலி. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சிகரெட் வரி வேறு. வரி குறைந்த மாநிலத்திலிருந்து தபாலில் வரவழைத்தால் லாபம். விடுவார்களா? 1949இலேயே ஜென்கின்ஸ் சட்டம் என்று ஒன்று போட்டார்கள்: வெளி மாநில வியாபாரி, தன்னிடம் வாங்கியவனின் பெயர், முகவரி, எத்தனை பாக்கெட் என்பதையெல்லாம் வாங்கியவனின் மாநில வரி அலுவலகத்துக்கு மாதாமாதம் எழுதி அனுப்ப வேண்டும். யார் எழுதினார்கள்? இணையம் வந்ததும் கடை நூற்றுக்கணக்கில் பெருகியது. அப்புறம் மாநிலங்கள் வழக்குப் போட்டு, மிரட்டி, வாடிக்கையாளர் பட்டியலைப் பிடுங்கின. வீட்டில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தவனுக்குத் தபால் வந்தது: ஐயா, தாங்கள் போன வருஷம் ஊதியதற்கு வரி பாக்கி, வட்டியோடு கட்டவும். 2005இல் கிரெடிட் கார்டு கம்பெனிகளைப் பிடித்து, இந்தக் கடைகளுக்குப் பணம் போகாமல் அடைத்தார்கள். நியூயார்க் நகரம், நியூ மெக்சிகோவில் இருந்த ஹெமி குரூப் என்ற இணையக் கடையின் மேல் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போய், 2010 ஜனவரியில் தோற்றுத் திரும்பியது. அந்த வருஷமே பேக்ட் சட்டம் வந்து, தபால்காரன் சிகரெட் பார்சலைத் தொடக்கூடாது என்றாகிவிட்டது.

அறுபது வருஷச் சட்டப் போராட்டத்தைப் பாருங்கள். இதில் எங்கேயாவது நுரையீரல் வருகிறதா? புகை வரலாம், தடையில்லை. என் வாசல் வழியாக வந்திருக்க வேண்டும், பக்கத்து வீட்டு வாசல் வழியாக வந்துவிட்டதே என்பதுதான் மொத்த வயிற்றெரிச்சலும்.

நம்மூர் மட்டும் மாற்றா? இணையத்தில் வாங்கிய பொருள் எல்லை தாண்டி வருகிறது என்று 2015, 2016 வாக்கில் உத்தராகண்டும் குஜராத்தும் நுழைவு வரியோடு கிளம்பின. தமிழ்நாட்டில் நுழைவு வரி என்றால் ஜனங்களுக்கு நினைவு வருவது நடிகர் விஜய்யின் ரோல்ஸ் ராய்ஸ். 2012இல் இங்கிலாந்திலிருந்து இறக்கிய கார். 1990ஆம் வருஷத்துச் சட்டப்படி நுழைவு வரி கேட்டார்கள். அவர் வழக்குக்குப் போனார். 2021 ஜூலையில் உயர் நீதிமன்றம், திரை நாயகர்கள் நிஜ வாழ்க்கையில் வரி கட்டத் தயங்கலாமா என்ற தொனியில் கண்டித்து ஒரு லட்சம் அபராதமும் போட்டது. அபராதத்துக்கு அந்த மாதமே தடை வந்தது. அடுத்த ஜனவரியில் அந்தக் கண்டன வாசகங்களும் நீக்கப்பட்டன. ரோல்ஸ் ராய்ஸில் வந்தால் வார்த்தையைக் கூடத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். பெட்டிக்கடைக்காரருக்கு அந்த வசதி கிடையாது. அவர் வாங்கிய ஏச்சு வாங்கியதுதான்.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டதாம். பொருள் எங்கே போய்ச் சேருகிறதோ அந்த மாநிலத்துக்கே வரி, அதுதான் ஜி.எஸ்.டி.யின் அழகு என்று சொல்லிக் கொடுத்தார்கள். பையனின் பார்சலுக்கு ஒழுங்காக பில் போட்டிருந்தால் அதில் ஐ.ஜி.எஸ்.டி. இருக்கும், பாதி டெல்லிக்கு, பாதி சென்னைக்கு. அமெரிக்காக்காரன் அறுபது வருஷம் அடித்துக்கொண்டதை நாம் ஒரே நள்ளிரவில் தீர்த்துவிட்டோம். கைதட்டுங்கள். தட்டி முடித்ததும் அடுத்த பத்தியைப் படியுங்கள்.

2026 பிப்ரவரி 1 முதல் சிகரெட்டுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அதோடு தீரவில்லை. மாநிலங்களுக்கு நஷ்ட ஈடு என்ற பெயரில் வாங்கிய செஸ்ஸை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மத்திய கலால் வரியை உட்கார வைத்தார்கள். ஆயிரம் சிகரெட்டுக்கு 2,050 ரூபாயிலிருந்து 8,500 ரூபாய் வரை. எதைப் பொறுத்து? சிகரெட்டின் நீளத்தைப் பொறுத்து. 65 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஒரு வரி, 70க்குள் ஒன்று, 75க்குள் ஒன்று. அடேயப்பா! மதுராந்தகம் ஏரியின் ஆக்கிரமிப்பை அளக்கச் சொன்னால் சர்வேயர் லீவில் இருக்கிறார், சங்கிலி துருப்பிடித்திருக்கிறது, வரைபடம் கரையான் அரித்திருக்கிறது. சிகரெட்டை மட்டும் மில்லிமீட்டரில் அளக்க இந்த சர்க்காரிடம் ஸ்கேல் இருக்கிறது.

அந்தக் கலாலில் நம் பங்கு எவ்வளவு? மூலையில் உட்கார்ந்து நானே கணக்குப் போட்டேன். நூறு ரூபாய் வசூலானால் மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 41 ரூபாய். அந்த 41இல் தமிழ்நாட்டுக்கு நூற்றுக்கு நாலு சொச்சம். ஆக, கருங்குழிக்காரன் இருமி இருமிக் கட்டிய கலால் நூறு ரூபாயில் கோட்டைக்குத் திரும்பி வருவது ஒன்றே முக்கால் ரூபாய்க்கும் குறைவு. அவன் தொண்டையில் கட்டி வந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போது, டாக்டருக்கும் நர்ஸுக்கும் மருந்துக்கும் படுக்கைக்கும் சம்பளமும் செலவும் யார் தலையில்? அந்த ஒன்றே முக்கால் ரூபாய்க்காரர் தலையில். ஐம்பத்தொன்பது ரூபாயைத் தானே வைத்துக்கொண்ட டெல்லிக்காரருக்கு ஆஸ்பத்திரி வாசல் எங்கே இருக்கிறது என்று கூடத் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு வரியும் உண்டு. தேசியப் பேரிடர் வரி. 2001 முதல் சிகரெட்டின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு இழுப்பிலும் நாங்கள் பேரிடர் நிதிக்குப் படி அளக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் செங்கல்பட்டையும் மூழ்கடித்தது. அதே மாதம் தென்மாவட்டங்களும் வெள்ளத்தில் போயின. இரண்டுக்குமாகத் தமிழ்நாடு கேட்டது 37,907 கோடி. 2024 ஏப்ரலில் வந்தது 276 கோடி. ஊதியவன் இங்கே, மூழ்கியவன் இங்கே, உண்டியல் மட்டும் அங்கே.

சரி, உடம்பைக் கெடுக்கும் பொருளுக்கு வரி ஏற்றுவது நல்லதுதானே என்று கேட்பார்கள். நல்லதுதான், மறுக்கவில்லை. விலை ஏறினால் பள்ளிக்கூடப் பையன் யோசிப்பான். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதுவே. ஆனால் அந்த அக்கறையைப் பீடியிடம் காட்டினார்களா? சிகரெட்டுக்கு 40 என்று முடிவெடுத்த அதே 2025 செப்டம்பர் ஜி.எஸ்.டி. மன்றக் கூட்டத்தில் பீடிக்கு 28இலிருந்து 18ஆகக் குறைத்தார்கள். பீடி சுற்றும் பெண்களின் வயிற்றுக்காகவாம். அந்தப் பெண்களின் மேல் இத்தனை கருணை இருந்தால் ஆயிரம் பீடிக்கான கூலியை ஏற்றியிருக்கலாம். கொளுத்து வேலைக்குப் போகிறவனின் நெஞ்சுக்கூடு காரில் போகிறவனின் நெஞ்சுக்கூட்டை விட மட்டமான சரக்கு, குறைந்த வரியே போதும் என்று மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

அட்டையில் நூற்றுக்கு 85 பங்கு அழுகிய தொண்டைப் படம் போடச் சொல்வதும் இதே சர்க்கார்தான். நாட்டிலேயே பெரிய சிகரெட் கம்பெனியான ஐ.டி.சி.யில் சுமார் 15 சதவீதப் பங்கை வைத்திருப்பது இந்த சர்க்காரின் எல்.ஐ.சி. மேலவலம்பேட்டைக்காரர் பெண் கல்யாணத்துக்கென்று கட்டும் பிரீமியம், சிகரெட் கம்பெனியின் முதலாகிறது. லாபப் பங்கு ஒரு கையில், புற்றுநோய்ப் படம் மறு கையில். பரிசு என்ன, பந்தயம் என்ன, எல்லாம் ஒரே வீட்டில்.

கட்டாதவர்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2013 மே மாதம் தமிழ்நாட்டில் குட்கா தடை செய்யப்பட்டது. தடை செய்த பொருளுக்கு வரி ஏய்ப்பு என்று 2016 ஜூலையில் மாதவரம் கிடங்கில் வருமான வரித்துறை புகுந்தது. அந்தச் சோதனையில் கிடைத்த கணக்கு நோட்டில் மேலிடத்துப் பதவிகளுக்கு நேரே தொகைகள் எழுதியிருந்ததாகத் துறை சொன்னது. விற்க உரிமமே இல்லாத பொருள், ஆனால் கணக்கு எழுதுவதில் ஒரு குறையும் இல்லை! அடுத்த வருஷம் ஜூலையில், எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஸ்டாலினும் தி.மு.க. உறுப்பினர்களும், கடையில் தாராளமாகக் கிடைக்கிறது பாருங்கள் என்று குட்கா பாக்கெட்டுகளைச் சட்டமன்றத்துக்குள் தூக்கிக் காட்டினார்கள். உடனே சட்டம் தன் கடமையைச் செய்தது: காட்டியவர்கள் மேல் உரிமை மீறல் நோட்டீஸ். 2018 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. ஆட்சி மாறியது. குட்கா மட்டும் மாறவில்லை. வேண்டுமானால் கூப்பிடு தூரத்தில் வாங்கித் தருகிறேன்.

இதற்கு நடுவில், வெளி மாநிலத்திலிருந்து பத்து பாக்கெட் வாங்கிய பையனுக்கு அமெரிக்கா மாதிரி நம் சர்க்காரும் கடிதம் அனுப்பினால் எப்படி இருக்கும் என்று எழுதிப் பார்த்தேன்.

“பொருள்: தாங்கள் ஊதியது தொடர்பாக. தங்களின் நுரையீரல் தமிழ்நாட்டு எல்லைக்குள் அமைந்திருப்பது கள ஆய்வில் தெரிய வந்துள்ளது. ஆனால் அதற்குள் சென்ற புகை உரிய வாசல் வழியாக வரவில்லை. எனவே தங்கள் பங்கில் எங்கள் பங்கான ரூபாய் ஒன்றும் காசு அறுபத்தேழும் வட்டியுடன் செலுத்துக. சாம்பல், துண்டு ஆகியவற்றின் நீளத்தை மில்லிமீட்டரில் குறித்து, கிராம நிர்வாக அலுவலரின் சான்றொப்பத்துடன் இணைக்க. இருமல் இருப்பின் அது தங்கள் சொந்தப் பொறுப்பு.”

பதிவுத் தபாலில் அனுப்பலாம் என்றால் அதுவும் 2025இல் ஸ்பீட் போஸ்ட்டில் கரைந்துவிட்டது. ஒன்றே முக்கால் ரூபாய் வசூலிக்க ஸ்பீட் போஸ்ட்! அந்தச் செலவையும் பேரிடர் நிதியில் எழுதலாம்.

கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. கயிற்று நுனியை ஊதிச் சாம்பலைத் தட்டிவிட்டு, “அளக்குறதுன்னு சொன்னியே சார்” என்று ஆரம்பித்தார். “ஸ்கூல்லேருந்து நூறு கெஜத்துக்குள்ள விக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல?”

“இருக்குண்ணே. 2003ஆம் வருஷத்துச் சட்டம். பதினெட்டு வயசுக்குக் கீழே இருக்கிறவங்களுக்கும் கொடுக்கக் கூடாது.”

“நான் இருபது வருஷமா இங்க உக்காந்திருக்கேன். வரிக்கு வந்தாங்க, லைசென்ஸுக்கு வந்தாங்க, பிளாஸ்டிக் கவருக்கு வந்தாங்க, மாமூலுக்கு வாரா வாரம் வந்தாங்க. ஸ்கூலுக்கும் என் கடைக்கும் நடுவுல எத்தினி கெஜம்னு டேப்பு எடுத்துக்கினு ஒருத்தன் வந்தான்னு சொல்லு, நாளைக்கே கடையை இடம் மாத்திடறேன்.”

நாலரை மணி ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு, யூனிபார்ம் சட்டையை வெளியே இழுத்துவிட்டபடி இரண்டு பையன்கள் ரோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். பெரியவன் பத்து ரூபாய் நாணயங்கள் இரண்டைப் பலகையில் வைத்தான்.

“ஒண்ணு குடுண்ணே. பெருசு.”

74 மில்லிமீட்டர் இருக்கும்.